விலக்குதலும் காத்தலும்

மது முதலிய போதைப்பொருள்களை உண்டு அறிவழிந்து நிற்கும் ஒருவனிடத்திலே நாம் செய்யவேண்டிய கடமை யாது? அவன் பாவஞ்செய்தவன், ஆதலின் தண்டித்து விலக்கத்தக்கவன் என்பார் ஒருசாரார். அவன் நோயாளன், ஆதலின் அவன்மேற் குற்றஞ் சுமத்தல் தகாது என்பார் மற்றொருசாரார். இவ்விரு கூற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்னும் ஐயம் இக்காலத்து நம் ஊர்தோறும் எழுந்துள்ளது. கோயில் வீதியிலும், சனசமூக நிலையத்திலும், மரணவீட்டுத் திண்ணையிலும் இதுவே பேச்சு. ஓர் இளைஞன் ஹெரோயினுக்கு அடிமையானான் என்று கேள்விப்பட்டவுடனே, அவனை ஊரைவிட்டுத் துரத்துக என்பாரும், பாவம், அவன் என்செய்வான் என்பாரும் எழுகின்றனர். இருவரும் தத்தம் கருத்தைச் சொல்லிவிட்டுத் தத்தம் வீட்டுக்குப் போய்விடுகின்றனர். அவ்விளைஞனோ கிடந்த இடத்திலேயே கிடக்கின்றான். ஆதலால் இவ்வினாவை ஆராய்ந்து ஒரு முடிவு காணுதல் அவசியமாகின்றது.

முதற்கண் முன்னோர் கொள்கையை நோக்குவாம். நம் சமயநூல்கள் கள்ளுண்ணலைக் கொலை களவு முதலியவற்றோடு ஒருங்கு வைத்து மாபாதகமென எண்ணின. நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) பிள்ளைகள் வாசித்தற்பொருட்டு எழுதிய நான்காம் பாலபாடத்திலே கள்ளுண்ணலைக் குறித்துத் தனிப்பாடம் ஒன்று வகுத்தார். இவ்வளவு கடுமை எதன்பொருட்டு? ஏனைப் பாவங்கள் ஒருவனுடைய அறிவு விழித்திருக்கும்போதே, அவ்வறிவை மீறிச் செய்யப்படுவன. கள்ளோ அவ்வறிவையே கெடுப்பது. ஒரு வீட்டிலே பொருளைத் திருடுவது ஒரு தீமை. அவ்வீட்டின் காவலாளனைக் கொன்றுவிட்டு வாயிலைத் திறந்துவைப்பது மற்றொரு தீமை. வாயில் திறந்தபின் எந்தத் திருடன் நுழைவான் என்று யாரும் வரையறுத்துச் சொல்லமுடியாது. குடித்தவன் பொய்யனும் ஆகலாம், கொலைஞனும் ஆகலாம். அவற்றுள் ஒன்றும் ஆகாது தப்பினும் அது அவன் செயலன்று, தற்செயல். இதுபற்றியே முன்னோர் கள்ளை வெறுத்தனர்.

ஈண்டு மற்றொன்றும் கருதத்தக்கது. திருவள்ளுவ நாயனார் புலால் மறுத்தலை அறத்துப்பாலிலே துறவறத்தின்கண் வைத்தார். கள்ளுண்ணாமையையோ பொருட்பாலிலே 93ஆம் அதிகாரமாக வைத்து, அதனையடுத்துச் சூதினையும், அதன்பின் 95ஆம் அதிகாரமாக மருந்தினையும் வைத்தார். பொருட்பால் நாட்டின் வாழ்வும் அரசும் குடியும் கூறும் பகுதி. ஆதலின் மது என்பது தனியொருவன் தன் ஆன்மலாபத்தின்பொருட்டு விடவேண்டிய குற்றம் மாத்திரமன்று, நாடு முழுவதும் கூடி நீக்கவேண்டிய கேடுமாம் என்று கொள்ளுதல் பொருந்தும். கள்ளும் சூதும் கூறியபின் மருந்து கூறப்பட்டமையும் சிந்திக்கற்பாலதே.

இக்காலத்து வைத்திய சாஸ்திரமும் இதற்கு மாறுபடவில்லை. மதுசாரம் மனிதரிடத்துப் புற்றுநோயை உண்டாக்கும் பொருளென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988ஆம் ஆண்டிலே வகுத்தது. சரீர சுகத்துக்குத் தீங்கற்ற அளவென்று மதுவுக்கு ஓரளவு கூறமுடியாதென உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டிலே வெளிப்படையாகச் சொல்லிற்று. 2019ஆம் ஆண்டு ஒன்றிலே மதுவினால் உலகத்தில் இறந்தோர் ஏறக்குறைய 26 இலட்சம் பேர் எனவும், ஏனைப் போதைப்பொருள்களால் இறந்தோர் ஏறக்குறைய 6 இலட்சம் பேர் எனவும் அந்நிறுவனம் கணக்கிட்டுள்ளது. சிறிது குடித்தால் உடம்புக்கு நல்லது என்று விருந்துகளிலே சொல்லப்படும் சமாதானத்துக்கு இனி இடமில்லை.

அற்றேல், குடியன் பாவியே என்னும் முதற்கூற்று நிலைபெற்றதன்றோ எனின், அவசரப்படாது மேலும் ஆராய்வாம். செயல் தீது என்பது நாட்டப்பட்டது. செய்தவனை யாது செய்வது என்பது இன்னும் ஆராயப்படவில்லை. இவை இரண்டும் வெவ்வேறு வினாக்கள். இவற்றை ஒன்றென மயங்கியதே நம்மவர் வழக்குகள் முடிவுபெறாமைக்குக் காரணம்.

முதற்கிண்ணத்தை எடுப்பவன் பெரும்பாலும் தன் இச்சையால் எடுக்கின்றான். நூறாவது கிண்ணத்தை எடுப்பவனுக்கும் அதே இச்சைச் சுதந்திரம் உண்டோ? இல்லை என்பதே ஆராய்ந்தோர் முடிபு. போதைப்பொருள் நாள்தோறும் உட்செல்ல, மூளையும் நரம்புகளும் அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்ளுகின்றன. முன்பு களிப்புத் தந்த அளவு இப்பொழுது போதாது, அளவு ஏறுகின்றது. பின்பு களிப்பு முற்றும் நீங்கி, உண்ணாவிடின் நடுக்கமும் வியர்வையும் நித்திரையின்மையும் பெருந்துன்பமும் வருகின்றன. அப்பொழுது அவன் குடிப்பது இன்பத்தின் பொருட்டன்று, துன்பத்துக்கு அஞ்சியே. ஒருவன் தன் காலாலே கிணற்றுப்படியில் இறங்குகின்றான். இறங்குந்தோறும் அவன் மிதித்த படிகள் இடிந்து வீழ்கின்றன. அடியிற் சேர்ந்தபின் ஏற நினைத்தாலும் படி இல்லை. அவன் தானே இறங்கினான் என்பது மெய். தானே ஏறமாட்டான் என்பதும் மெய். மேலே நின்று, அவன் இறங்கியது குற்றமா அன்றா என்று வாதாடுவோர் கையிலே ஒரு கயிறு இருந்தும் அதனை விடாதிருப்பாராயின், அவர் குற்றம் வேறொன்றாக எண்ணப்படும்.

இனி, அவன் இறங்கியதுதானும் முற்றும் அவன் செயலோ என்பதை நோக்குவாம். உயிர் எதனைச் சாருகின்றதோ அதன் தன்மையைத் தன் தன்மையாகக் கொண்டு நிற்கும் என்பது சைவசித்தாந்தத் துணிபு. இருளிலே கண் இருளாகவும், ஒளியிலே கண் ஒளியாகவும் நிற்றல்போல என்று உவமை கூறி இதனை விளக்குவர். இவ்வுண்மைக்கு உலகியலிலே ஒரு பெருஞ் சான்று உண்டு. வியட்நாம் யுத்தத்துக்குச் சென்ற அமெரிக்கப் போர்வீரருட் பலர் அங்கே ஹெரோயினுக்கு அடிமையாயினர். 1971ஆம் ஆண்டு அவர்கள் தம் நாட்டுக்குத் திரும்பியபோது, பெருங்கேடு விளையுமென்று அரசினர் அஞ்சினர். லீ றொபின்ஸ் என்னும் அம்மையார் அவர்களைத் தேடிச்சென்று ஆராய்ந்தார். அடிமையாயிருந்தோருட் பெரும்பாலோர் வீடு சேர்ந்தபின் அப்பழக்கத்துக்கு மீளவில்லை எனக் கண்டார். அவர்கள் உடம்பு அதே உடம்பு, அந்த மருந்தும் அதே மருந்து, மாறியது சார்பு. அச்சமும் தனிமையும் மலிந்த இடத்தினின்று நீங்கி, பெற்றோரும் தொழிலும் உறவும் உள்ள இடத்தைச் சேர்ந்தார்கள். ஆகவே சார்பு கெட்டவிடத்து நல்லவரும் கெடுவர், சார்பு திருந்தியவிடத்துக் கெட்டவருட் பலர் திருந்துவர் என்பது பெறப்பட்டது.

இதனை நம் நாட்டிலுள்ள ஒரு பொருளைக் கொண்டே விளக்கலாம். பனையின் பாளையைச் சீவி முட்டி கட்டுகின்றனர். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசியிருப்பின் இறங்குவது கருப்பநீர். அதனைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு பூசாவிடின் காற்றிலும் முட்டியிலும் உள்ள நுண்ணுயிர்கள் அச்சாற்றின் இனிப்பை உண்டு மதுசாரமாக்கிவிடும், இறங்குவது கள். மரம் ஒன்றே, பாளை ஒன்றே, சாறும் ஒன்றே. ஏந்தும் பாத்திரத்தினாலன்றோ ஒன்று பிள்ளைகளுக்கு ஊட்டும் உணவும், மற்றொன்று குடும்பத்தைக் கெடுக்கும் மதுவும் ஆயின! நம் பிள்ளைகள் அச்சாறு போன்றவர். ஊரும் வீடும் பாடசாலையும் அவரை ஏந்தும் முட்டி. முட்டியிலே சுண்ணாம்பு பூசாதிருந்துவிட்டுச் சாற்றைக் கோபித்தல் அறிவுடைமையாகாது.

அந்த முட்டியின் நிலை இன்று எவ்வாறுள்ளது? 1983ஆம் ஆண்டு தொடங்கி 2009ஆம் ஆண்டிலே முடிந்த யுத்தம், நம்மவருள் ஒரு குடும்பத்தையேனும் தீண்டாது விடவில்லை. பிள்ளையை இழந்த தாயும், தந்தையைக் காணாத பிள்ளையும், அவயவம் இழந்த இளைஞரும் ஊர்தோறும் உளர். ஆறாத துக்கத்தை மறக்கக் குடித்தோர் பலர். யுத்தம் முடிந்தபின் வீதிகள் திறந்தன. வீதிகளோடு மதுபானசாலைகளும் திறந்தன. கடல்வழியாகக் கேரளக் கஞ்சா வருகின்றது. ஹெரோயினும், ஐஸ் எனப்படும் மெதம்பெட்டமினும் பட்டினம் கடந்து கிராமங்களிற் புகுந்துவிட்டன. பாக்கும் புகையிலையும் கலந்த மாவா பாடசாலைப் பிள்ளைகள் கையிலும் காணப்படுகின்றது. தொழில் இல்லாத இளைஞர் ஒருபுறம். பிறநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பணத்தைக் கணக்கின்றிச் செலவிடும் இளைஞர் ஒருபுறம். வறுமையும் வளமும் இவ்வாறு ஒரே வாயிலுக்கு வழிகாட்டுகின்றன.

இவற்றோடு நம் சமூகத்தின் பழைய குற்றமொன்றும் உண்டு. மரத்தில் ஏறிக் கள் இறக்கியவனை இழிந்தவனென்று ஒதுக்கிய இந்நாட்டிலே, அக்கள்ளை வாங்கிக் குடித்தவனுக்குச் சபையிலே முன்னாசனம் கிடைத்தது. தவறணைக்கு நிலம் கொடுத்து வாடகை வாங்கினவன் கோயில் திருவிழாவுக்கு உபயகாரனாயினான். உயிரைப் பணயம்வைத்து உழைத்த ஏழைமேற் பாவத்தைச் சுமத்திவிட்டு, அவ்வுழைப்பின் பயனை உண்டவர் தூயவராய்த் திரிந்தனர். கள்ளுண்ணாமை பேசுவோர் இவ்வநீதியை முதலிலே களையாவிடின், அவர் சொல் எவர் காதிலும் ஏறாது. இன்றைக்கும் சிறிது ஹெரோயினுடன் அகப்பட்ட இளைஞன் முகமே உலகறியக் காட்டப்படுகின்றது. அதனைக் கடலிலே கொண்டுவந்து இறக்கிய முதலாளியின் முகம் அரிதாகவே வெளிவருகின்றது.

இனிச் சட்டத்தைக் குறித்துச் சொல்லுவாம். மதுவைச் சட்டத்தால் முற்றும் ஒழித்துவிட்டால் இவ்வாராய்ச்சியெல்லாம் வேண்டாவன்றோ என்பர் சிலர். இலங்கையிலே 1904ஆம் ஆண்டிலும், அதன்பின் 1912ஆம் ஆண்டிலே கள்ளுத் தவறணைகளைப் பெருக்க ஆங்கில அரசினர் முயன்றபோதும், நாடெங்கும் மதுவிலக்கியக்கம் எழுந்தது. 1915ஆம் ஆண்டுக் கலகத்தின்பின் அவ்வியக்கத்துத் தலைவர் பலர் சிறையிடப்பட்டனர். ஊரவர் வாக்களித்துத் தம் ஊர்த் தவறணையை மூடும் உரிமையும் அக்காலத்தில் வந்தது. இந்தியாவிலே இராசகோபாலாச்சாரியார் 1937ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கை நடத்தி, இழந்த வருமானத்துக்கு ஈடாக 1939ஆம் ஆண்டு விற்பனைவரியைக் கொண்டுவந்தார். அமெரிக்கர் 1920ஆம் ஆண்டு முழுநாட்டுக்கும் மதுவிலக்கு விதித்து, 1933ஆம் ஆண்டு அதனை நீக்கிவிட்டனர்.

இவற்றால் நாம் அறிவது யாது? சட்டம் பயனற்றதென்று கூறுவார் கூற்றும் பிழை, சட்டமே போதுமென்பார் கூற்றும் பிழை. விலை ஏறினாலும், கிடைக்கும் இடமும் நேரமும் குறைந்தாலும் குடியும் குறைகின்றது என்பது பல நாடுகளிலே கண்ட உண்மை. நம் நாட்டிலே 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயது நிரம்பாதவருக்கு மதுவும் புகையிலையும் விற்பதைத் தடுத்தது. அவற்றின் விளம்பரங்களையும் தடுத்தது. இது நல்ல வேலி. ஆயினும் வேலியை மாத்திரம் நம்பினால், வேலியின் கீழே கசிப்பு புகுந்துவிடும். சட்டத்துக்கு அஞ்சி மறைவிலே காய்ச்சப்படும் மதுவிலே என்ன கலந்தது என்பதை அறிவார் இல்லை. மெதனோல் கலந்திருப்பின், அது உடம்பினுள்ளே போமிக் அமிலமாகிக் கண்ணொளியைக் கெடுத்து உயிரையும் கவரும். தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியிலே 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே 60க்கும் மேற்பட்டோர் அவ்வாறு மாண்டனர். மாண்டவருட் பெரும்பாலோர் நாட்கூலி செய்யும் ஏழைகள். ஆகவே சட்டம் வேண்டும். சட்டம் கைவிட்ட இடத்திலே மனிதர் நிற்கவும் வேண்டும்.

அடுத்து வருவதே மிகக் கடிய வினா. குடியையும் போதையையும் இன்னும் விடாதவனுக்கு, அவன் விடுமுன்னரே, அதனால் வரும் கேடு குறையும்படி உதவிசெய்தல் தருமமா? அது பாவத்துக்குத் துணைபோதலன்றோ? உதாரணமாக, ஊசியால் ஹெரோயின் ஏற்றுவோர் ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்துவதால் எயிட்ஸை உண்டாக்கும் கிருமியும், ஈரலைக் கெடுக்கும் கிருமிகளும் ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றுகின்றன. அசுத்த ஊசியால் இரத்தத்திலே கிருமி புகுந்து இருதயத்தின் வால்வுகளை அரித்து, இளவயதிலேயே மரணம் நேர்கின்றது. இதுகண்டு ஒல்லாந்து தேசத்து அம்ஸ்டர்டாம் நகரிலே 1984ஆம் ஆண்டு, பழைய ஊசியை வாங்கிக்கொண்டு சுத்தமான ஊசி கொடுக்கும் வழக்கம் தொடங்கிற்று. பின்பு பல நாடுகளிலும் பரவிற்று. இதைக் கேட்டவுடன் நம்மவருட் பலர் காதைப் பொத்திக்கொள்ளுவர். அவர் அருவருப்பை நாம் இகழவில்லை. அது பாவத்தின்மேலுள்ள வெறுப்பினின்று பிறந்தது. ஆயினும் அதனை நியாயத்தாலே சோதித்தல் வேண்டும்.

ஒரு செயலை நன்றென்று ஒப்புதல் வேறு, அச்செயலைச் செய்தவன் அழியாதபடி காத்தல் வேறு. திருடன் ஒருவன் மதிலேறி வீழ்ந்து கால் முறிந்து கிடக்கின்றான். வைத்தியர் அவன் எலும்பைப் பொருத்திக் கட்டுகின்றார். அதனால் வைத்தியர் திருட்டை ஒப்பினார் என்று எவரேனும் சொல்லுவரா? கட்டாதுவிட்டால் திருட்டு ஒழியும் என்றுதான் சொல்லலாமோ? கால் அழுகிச் சாவான், அவ்வளவே. இறந்தவன் திருந்தமாட்டான். திருந்துதற்கு முதல் வேண்டப்படுவது உயிரோடிருத்தல். மனிதப் பிறவி பெறுதற்கரிதென்று நாள்தோறும் சொல்லுகின்ற நாம், அப்பிறவியை ஒருவன் மயக்கத்தால் இழக்கப்போகும்போது, இழக்கட்டும் என்று நிற்பின், நாம் சொல்லியது வாய்ப்பேச்சாகும். ஊசி கொடுத்தமையால் புதிதாகப் பழகுவோர் பெருகினர் என்பதற்குத் தக்க சான்று இல்லையென உலக சுகாதார நிறுவனம் 2004ஆம் ஆண்டு ஆராய்ந்து கூறிற்று. ஊசி பெற வந்த இடத்திலே வைத்தியரோடு முதன்முறை பேசி, அதன்வழியே சிகிச்சைக்குச் சென்றோரும் உளர். கதவு அடைத்த வீட்டிலே இதற்கு இடமேது?

அவன் தன் வினையை அனுபவிக்கின்றான், நாம் இடையிலே புகுவது ஏன் என்பார்க்கும் ஒன்று சொல்லுவாம். வினையின் பயனாக வருவது துன்பமாயின், காய்ச்சலும் வினையே, பாம்புகடியும் வினையே. அவற்றுக்கு வைத்தியரை அழைப்பவர், போதைக்கு மாத்திரம் வினையென்று கைகட்டி நிற்றல் எவ்வாறு பொருந்தும்? பிறனுடைய வினை இதுவென்று அளந்தறியும் ஆற்றல் நமக்கு இல்லை. நம் கண்முன் வீழ்ந்தவனைத் தூக்குவது நம் கடமை என்பதோ தெளிவு. தூக்காதுவிட்ட வினை நம்மைச் சேரும் என்பதும் தெளிவு.

ஆயினும் இக்காத்தலுக்கு எல்லை உண்டு. எல்லையின்றிப் பேசினால் அது வேறொரு மயக்கமாய் முடியும். முதலாவது, தடுத்தலே முதற்கடமை. கேடு குறைத்தல் அதன் பின்னது. அது ஆற்றைக் கடக்கும் பாலம், குடியிருக்கும் வீடன்று. இரண்டாவது, இன்னும் தொடாத பிள்ளைக்கு அளவோடு குடி என்று கற்பித்தல் கேடு குறைத்தலாகாது. அது கேட்டுக்கு அழைத்தலேயாம். மதுவை விற்று இலாபம் பெறுவோர் பொறுப்போடு குடியுங்கள் என்று உபதேசித்தல், நெருப்பு வைப்பவன் தண்ணீர்க்குடத்தைக் காட்டுதல் போலும். மூன்றாவது, குடியன்மேல் இரக்கம் அவன் மனைவி மக்கள்மேல் இரக்கத்தை விழுங்கிவிடலாகாது. அவன் நோயாளன், ஆதலின் அடியைப் பொறுத்துக்கொள் என்று ஒரு பெண்ணுக்குச் சொல்லுவது தருமமன்று, கொடுமை. அவளைக் காத்தற்பொருட்டே 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உளது. நீதிமன்றத்தை நாடி அவள் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அவ்வாறு செய்பவளைக் குடும்பத்தைக் கெடுத்தவளென்று ஊரார் பழித்தல் பெரும்பிழை. அவனுக்குச் சிகிச்சையும் அவளுக்குப் பாதுகாப்பும் ஒருங்கே வேண்டப்படுவன.

இனி நடைமுறையிலே செய்யத்தக்கன சில கூறுவாம். இவற்றுள் ஒன்றேனும் அரசினர் வரும்வரை காத்திருக்கவேண்டியதன்று.

வீட்டிலே கலியாணம், பிறந்தநாள், புதுமனை புகுதல் முதலிய கொண்டாட்டங்களிற் பின்வளவிலே போத்தல் திறக்கும் வழக்கத்தைப் பெரியோர் விடல்வேண்டும். தகப்பன் கையிலே கிண்ணத்தைக் கண்ட மகனுக்குப் புத்தகத்திலுள்ள கள்ளுண்ணாமை ஏறாது. வேலையாளுக்குக் கூலியின் ஒருபகுதியைச் சாராயமாகக் கொடுத்தல் அவன் பிள்ளைகளின் சோற்றைத் திருடுதலேயாம். கடைக்குப் போய் எனக்கொரு சிகரெட் வாங்கிவா என்று சிறுவனை அனுப்புதலும் ஒழிதல்வேண்டும்.

பிள்ளை தனித்திருத்தல், நித்திரை மாறுதல், பழைய நண்பரை விடுதல், வீட்டுப் பொருள் காணாமற்போதல் முதலிய குறிகளைக் கண்ட பெற்றோர், வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று மறைக்கின்றனர். மறைத்த காலமெல்லாம் நோய் வேரூன்றும் காலம். அடித்தலாலும் அறையிலே பூட்டுதலாலும் இது தீராது. வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுதல் இழிவன்று. பலகாலம் மிகுதியாகக் குடித்தவனைச் சடுதியாக நிறுத்தச்செய்து வீட்டிலே கிடத்துதலும் ஆபத்து. இரண்டு மூன்று நாளில் வலிப்பும் சித்தப்பிரமையும் தோன்றி உயிருக்கே மோசம் வரலாம். ஆதலின் நிறுத்தும்பொழுதே வைத்தியர் துணை வேண்டும். கசிப்புக் குடித்தவனுக்குக் கண் மங்கினாலும் மூச்சு வாங்கினாலும், தூங்கினால் தெளியும் என்று விடாது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல்வேண்டும். சில மணிநேரத் தாமதமே அவன் கண்ணைக் குருடாக்கும். ஹெரோயின் மிகுந்து மூச்சு அடங்கினவனைக் கண்ட தோழர் பொலிசுக்கு அஞ்சி ஓடாது அவனை வைத்தியரிடம் சேர்த்தல்வேண்டும். அம்மூச்சை மீட்கும் நலொக்சோன் என்னும் மருந்து உண்டு.

சிறையிலிருந்தோ புனர்வாழ்வு நிலையத்திலிருந்தோ மீண்டு வருபவனைக் குறித்து விசேடமாகச் சொல்லவேண்டும். போதைக்கு அடிமையானோரைச் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் அனுப்புதற்கு 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. ஆயின் வெளியே வந்த முதற் சில வாரங்களே அவனுக்கு மிக்க அபாயமானவை. இடையிலே விட்டிருந்தமையால் அவன் உடம்பு முன்னிருந்த தாங்குசக்தியை இழந்துவிட்டது. முன்பு ஏற்றிய அளவை ஒருமுறை ஏற்றினால் மரணம் நேரலாம். அவ்வாரங்களிலே அவன் வாயிலில் முதலில் வந்து நிற்பவர் யார்? போதை விற்பவனே. அவனுக்கு முன்னே நாம் சென்று நிற்றல் கூடாதோ? ஒரு தச்சுப்பட்டறையில், ஒரு தோட்டத்தில், ஒரு கடையில் அவனுக்குக் கைத்தொழில் கொடுப்பவர், மேடையிலே நூறு பிரசங்கஞ் செய்பவரினும் மேலான மதுவிலக்குச் செய்தவராவர். ஒருமுறை தவறினும் மறுமுறை ஏற்றல் வேண்டும். இந்நோய் பலருக்குத் திரும்பத் திரும்ப வந்தே நீங்குகின்றது. இரண்டாமுறை வழுக்கினவனைக் கண்டு, பார், நாம் அப்பொழுதே சொன்னோம் என்று மகிழ்வாரும் நம்முள் உளர். அம்மகிழ்ச்சி அவன் போதையினுங் கொடியது.

கோயில்களும் சபைகளும் தம் பங்கைச் செய்தல்வேண்டும். திருவிழாக்காலத்திலே வீதியிற் குடித்துத் திரிவோரை விலக்குவதோடு அமையாது, ஆண்டு முழுவதும் மாலைவேளையிலே இளைஞர் கூடுதற்கு ஓர் இடம், வாசிக்க ஒரு நூல்நிலையம், விளையாட ஒரு மைதானம், பாட ஒரு பண்ணிசை வகுப்பு நடத்தல்வேண்டும். வெறிதாய்க் கிடக்கும் நிலத்திலே பயிர் இடாதவன் களையை நொந்து பயனென்னை? கள் இறக்கிப் பிழைத்த குடும்பங்கள் கருப்பநீரும் பனங்கட்டியும் செய்து வாழும்படி, அப்பொருள்களை நியாயவிலை கொடுத்து வாங்குதலும் மதுவிலக்கேயாம். பிழைப்பைப் பறித்துவிட்டுப் புண்ணியம் போதித்தல் எடுபடாது.

ஆராய்ந்த பொருளைத் தொகுத்துக் கூறின், முதற்கூற்றார் செயலைத் தீதென்றது சரி. செய்தவனைத் துரத்துக என்றது பிழை. இரண்டாங்கூற்றார் அவனை நோயாளன் என்றது சரி. ஆதலின் அவனுக்குப் பொறுப்பே இல்லை என்றது பிழை. பொறுப்பு அவனிடத்து இன்று மங்கியிருக்கின்றது. சாம்பல் மூடிய தணல் அவிந்ததாகாது. அத்தணலைச் சாம்பல் நீக்கி ஊதி வளர்த்து, நான் விடுவேன் என்று அவன் வாயாலே சொல்லவும், சொன்னதைச் செய்யவும் வல்லவனாக்குதலே சிகிச்சையின் பயனும் தருமத்தின் பயனுமாம். அறிவை இழப்பித்தல் மதுவின் தொழில். இழந்த அறிவை மீட்பித்தல் நம் தொழில். விலக்கவேண்டியது போதையை, காக்கவேண்டியது மனிதனை. இவ்விரண்டையும் மாற்றிச் செய்து, போதையை விருந்திலே காத்து, மனிதனை வீதியிலே விலக்கும் வழக்கம் இனியேனும் ஒழிவதாக. இந்த வாரமே நம் அயலிலே அவ்வாறு விலக்கப்பட்ட ஒருவனது வீட்டுக்குச் சென்று, அவன் தாயோடு இருந்து பேசிவர நம்முள் ஒவ்வொருவரும் மனங்கொள்வாராக. அதற்கு வேண்டிய திண்மையையும் பொறுமையையும் எல்லாம்வல்ல இறைவன் திருவருள் நமக்கு நல்குவதாக.